மிச்ச டேப்

பைரவி முடிந்தது. பரந்தாமன் கண்ணைத் திறக்கவில்லை. பாட்டு முடிந்த கையோடு கண்ணைத் திறப்பவன் ரசிகனே அல்ல என்பது அவர் கொள்கை. கொஞ்ச நேரம் அந்த ராகத்திலேயே ஊறிக் கிடக்க வேண்டும். ஊறிக் கிடப்பது எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியவும் வேண்டும். அன்றைக்கு எதிரில் இருந்தது அவர் மனைவி மனோரமா மட்டும்தான். அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஊறிக் கிடக்கும் புருஷனை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருந்தால் அந்தப் பைரவிக்கே ஒரு நிறைவு வந்திருக்கும். பார்க்கவில்லை.

கேசட் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உஸ்ஸென்று இரைச்சல். அப்புறம் யாரும் கேட்காமலேயே ஓர் ஆர்மோனியம் தொடங்கியது. அதன்மேல் கைத்தட்டல். அதன்மேல் ஒரு பெண் குரல். இளங்குரல் இல்லை, கொஞ்சம் உடைந்த, வெற்றிலை போட்ட குரல். உருதுவோ இந்தியோ, யாரிடமோ வம்புக்குப் போகிற மாதிரி ஆரம்பித்து, பாதி வழியில் அதே ஆளிடம் கெஞ்சுகிற மாதிரி இறங்கியது.

பரந்தாமன் கண்ணைத் திறந்து பட்டனை நோக்கிக் கையை நீட்டினார்.

"இருங்க," என்றாள் மனோரமா.

கீரைக்காம்பு அவள் விரலிடுக்கில் அப்படியே நின்றிருந்தது. பாட்டு முடிந்து கேசட் டொக்கென்று நின்ற பிறகும் நின்றிருந்தது.

"யாரு இது பாடறது?"

"யாருக்குத் தெரியும். நான் எழுதிக் குடுத்த பாட்டே இல்ல இது. கடைக்காரன் தப்பா ஏத்திட்டான்."

"தப்பா ஏத்தனாலும் நல்லாத்தான் ஏத்திக்கிறான்," என்றாள் அவள், கீரைக்குத் திரும்பியபடி.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. எத்தனையோ தோடி, எத்தனையோ கரகரப்ரியா. யாரு பாடறது என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு முன்பே பரந்தாமன் சொல்லிவிடுவார் என்பது ஒரு காரணம். ஆனால் அது மட்டும் காரணம் இல்லை என்பது அந்தச் சாயங்காலம்தான் அவருக்கு உறைத்தது. எங்கோ விலாவுக்குக் கீழே சுருக்கென்றது. வாயு என்று நினைத்து ஓமம் தின்றார்.

பரந்தாமன் ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் செலக்டர். பதனிட்டு வந்த தோல்களை வடக்குப் பார்த்த ஜன்னலோரம் நீள மேஜையில் ஒவ்வொன்றாக விரிப்பார்கள். இடது கையால் ஒரு தடவல், வலது கையால் ஒரு புரட்டல். உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது விழுந்த கத்திக்கீறல், சூடு போட்ட வடு எல்லாவற்றையும் பார்த்து, சாக்கட்டியால் ஒன்று, இரண்டு, மூன்று என்று ஓர் எண் போடுவார். அவர் போட்ட எண்ணை மாற்ற முதலாளிக்கே வாய் வராது. சில சமயம் அவசர ஆர்டருக்குத் தரம் பிரிக்காமல், மேஜைக்கு வந்த வரிசையிலேயே நல்லதும் கெட்டதுமாகக் கட்டி அனுப்புவார்கள். அதற்கு டேபிள் ரன் என்று பெயர். விலை கம்மி. டேபிள் ரன் வாங்குகிற கம்பெனிகளைப் பற்றிப் பேசும்போது பரந்தாமன், துக்க வீட்டில் பேசுகிற குரலில் பேசுவார்.

சாக்கட்டியைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள், பேரணாம்பட்டு பஸ் கண்டக்டர்கள், ஓட்டல் சாம்பார், மாமனார் வீட்டுச் சீர் என்று கண்ணில் பட்டதற்கெல்லாம் மனசுக்குள் ஓர் எண். குடியாத்தத்தில் மனோரமாவைப் பெண் பார்க்கப் போனபோது அவளுக்குப் போட்டது இரண்டு. மூக்கு கொஞ்சம் அகலம். இதைப் பின்னொரு நாள் அவளிடமே சொல்லியும் விட்டார், பாராட்டு என்று நினைத்து. சங்கீதத்தில் கர்நாடகம் மட்டும் ஒன்றாம் நம்பர். அதிலும் அவர் தேர்ந்தெடுத்த கர்நாடகம். சினிமாப் பாட்டு ரிஜெக்‌ஷன். மற்றதெல்லாம் தோலே இல்லை, ஜவ்வு. ஊரில் அவர் தொடங்கிய சங்கீத ரசிகர் சபைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்றும் அவரே. உறுப்பினர் இருவர். அதில் ஒருவர் அவரே; மற்றவர் ரயில்வேக்காரர். மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு ஜோலார்பேட்டைக்குப் போய்விட்டார்.

ஆகவே மிஞ்சியது மனோரமாவின் காது. அவள் பிறந்த வீட்டில் நாலு பவர்லூம். லுங்கி நெய்கிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவன் தும்மினால்கூடக் கேட்காது. அந்தக் காதைப் பதனிட்டு எடுத்துவிட்டால் ஊரில் ஒரு காதாவது தன்னுடையதாக இருக்கும் என்று பரந்தாமன் கணக்குப் போட்டிருந்தார். நாற்பதைத் தொடும் வயதில் கல்யாணம் செய்துகொண்டவருக்கு வேறு பெரிய ஆசைகள் இல்லை. தான் சொல்லி, அவள் கேட்டு, ஒரு நாள் தோடியில் ஒரு பிடி விழும்போது அவள் தலை தானாக அசைய வேண்டும். அசைந்ததும் அவள் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும். இவ்வளவுதான். இதற்காகத்தான், பக்கத்து வீட்டுச் சாமுவேல் மஸ்கட்டிலிருந்து இரண்டு டேப் ரிக்கார்டர் கொண்டுவந்தபோது பெரியதை அவர் வாங்கினார். சின்னதைச் சாமுவேல் தன் மனைவி சவுரியம்மாளிடம் கொடுத்துவிட்டு மஸ்கட்டுக்கே திரும்பிப் போனான். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

பஜாரில் ரெக்கார்டிங் கடை ஒன்று இருந்தது. வெற்றுக் கேசட்டும் பாட்டு விவரமும் கொடுத்தால் நாலு நாளில் ஏற்றிக் கொடுப்பார்கள். முன்னால் கவுண்டர், பின்னால் கண்ணாடித் தடுப்பு போட்ட சின்ன அறை. அதற்குள் காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முதுகைக் காட்டி ஒருவன் உட்கார்ந்திருப்பான். ஒல்லி உடம்பு, காலரைத் தொடும் சுருட்டை முடி. அதுவரை பரந்தாமன் அந்த முதுகைக் கவனித்ததே இல்லை. அடுத்த கேசட்டைக் கொடுக்கப் போனபோது நின்று பார்த்தார். தப்பாக ஏற்றிவிட்டதைச் சொல்லிக் கண்டிக்கத்தான் போனார். ஆனால் அந்தச் சுருட்டை முடி லேசாக ஆடியது. ரசித்து ஆடுகிற ஆட்டம். கண்டிக்காமல் திரும்பி வந்துவிட்டார்.

அடுத்த கேசட்டிலும் அவர் கேட்ட பாட்டெல்லாம் முடிந்த பிறகு கேட்காத பாட்டு ஒன்று இருந்தது. தெலுங்கில் பத்துப் பதினைந்து ஆண்கள் எதையோ இழுத்துக்கொண்டு பாடினார்கள். வண்டியோ, தோணியோ, பாறையோ. சரணம் பாதியில் டேப் தீர்ந்து டொக்கென்று நின்றது. மனோரமா அதை மூன்று நாளில் மனப்பாடம் செய்துவிட்டாள். மாவாட்டும்போது முணுமுணுப்பாள், சரியாக டேப் தீர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த அடி தெரியாததால் திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். வாசலில் பேப்பர் படிக்கும் பரந்தாமனுக்கு அந்த நின்ற இடத்தில் ஒவ்வொரு தடவையும் மூச்சு நின்று வந்தது. மூன்றாவது கேசட்டின் கடைசியில் சர்ச்சில் பாடுகிற மாதிரி ஆர்கனும் பல குரல்களும். அதன் மறுபக்கத்தில் பேச்சே இல்லாமல் ஒற்றை ஷெனாய்.

அவர் கொடுத்த கேசட்டுகள் இப்போதெல்லாம் எப்போதும் கடைசியில் நின்றிருந்தன. காலையில் அவர் கம்பெனிக்குப் போகும்போது இடது சக்கரத்தில் இருந்த டேப், சாயங்காலம் வரும்போது மொத்தமாக வலது பக்கம் சேர்ந்து பருத்திருக்கும். அவள் தோடியைக் கேட்டுத் தாண்டவில்லை. பட்டனை அழுத்தி ஓட்டித் தாண்டுகிறாள். அந்தப் பருத்த சக்கரத்தைப் பரந்தாமன், பெண்டாட்டியின் தலையணைக்கடியில் வேற்று ஆளின் கைக்குட்டையைக் கண்டவன் மாதிரி கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

அந்த முதுகுக்காரன் வேண்டுமென்றே செய்கிறான். அதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு சரக்கு வெளியே போகிறதென்றால் எவனோ ஒருவன் தொட்டுப் பார்த்து, புரட்டிப் பார்த்து, இது இவருக்கு என்று முடிவு செய்யாமல் போகாது. இருபது வருஷம் செலக்‌ஷன் மேஜையில் நின்றவருக்கு உலகம் வேறு மாதிரி இயங்கும் என்று தோன்றவே இல்லை. அவனுக்கும் ஒரு மேஜை இருக்கிறது, அவனும் ஒரு செலக்டர். தன்னைவிட நல்ல செலக்டரோ என்ற எண்ணம் வந்தபோது பரந்தாமன் சட்டென்று எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். முப்பது வயதுதான் இருக்கும் அவனுக்கு. சுருட்டை முடி. தான் ஊதி ஊதியும் எரியாத அடுப்பை எவனோ ஒருவன் போகிற போக்கில் பற்றவைத்துவிட்டுப் போகிறான்.

பதிலடியாக ஒரு வேலை செய்தார். பாட்டுகளைக் கைக்கடிகாரம் வைத்துக் கணக்கிட்டு, ஒரு பக்கத்துக்குப் பொட்டு இடம் மிச்சமில்லாமல் அடைத்தார். ராகம், கீர்த்தனை, அதன் பின்னால் ஒரு தில்லானா, அதன் பின்னால் சந்து பொந்துக்கு ஒரு மங்களம். கல்யாண வீட்டில் தாம்பூலப் பை அடைக்கிறவர்கூட அவ்வளவு கவனமாக அடைத்திருக்க மாட்டார். ஆனால் கேசட் கம்பெனிக்காரன் தாராள மனசுக்காரன்; சொன்ன அளவுக்கு மேல் கொஞ்சம் டேப் விட்டிருந்தான். மங்களம் முடிந்ததும் ஒரு குழந்தை கலகலவென்று சிரித்தது, டோலக்கில் இரண்டு தட்டு விழுந்தது, ஒரு மலையாளக் குரல் வாயெடுத்தது, டொக். அவ்வளவுதான்.

மனோரமா அந்தத் துணுக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

"இதுல இன்னா கீது?" என்று கடைசியில் அவரே கேட்டுவிட்டார்.

"தெரில. அந்தக் கொழந்த எதுக்கு சிரிக்குதுன்னு யோசன பண்ணிக்கினு கீறேன்."

முழுப் பாட்டு கொடுத்தால் அது முடிந்துவிடும். துணுக்குக்கு முடிவே கிடையாது. தன் கையாலேயே அவளுக்கு ஓயாத வேலை கொடுத்துவிட்டது பரந்தாமனுக்குப் புரிந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை டேனரியில், மேஜைக்குத் தோல் விரித்துப் போடுகிற வேலாயுதம் பேச்சைக் கிளப்பினான்.

"மாஸ்டரே, நேத்து ஒங்க வூட்டம்மாவப் பாத்தேன். பஜார்ல, அந்தப் பாட்டுக் கடையில."

பரந்தாமன் தோலைத் தடவிக்கொண்டே, "நான்தான் அனுப்பனேன்," என்றார்.

"அதான பாத்தேன். ரொம்ப நேரம் பேசிக்கினு இருந்தாங்க. அந்த ஆளுகூட கண்ணாடி ரூம்ப வுட்டு வெளிய வந்து நின்னு பேசனாரு. அவரு யாருக்கும் வெளிய வரமாட்டாரு மாஸ்டரே. எங்க மச்சான் கல்யாணத்துக்கு கேசட் குடுக்கப் போனப்போ, மூஞ்சியே காட்டல."

"நீ தோல விரி."

"விரிச்சிட்டேன் மாஸ்டரே. நீங்கதான் ஒரே தோல தடவிக்கினே கீறீங்க."

பரந்தாமன் குனிந்து பார்த்தார். கழுத்திலிருந்து வால் வரை ஒரு கீறல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. அதில் அவர் கை மூன்று என்று எழுதியிருந்தது. வேலாயுதம் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். அந்த மரியாதைதான் அவரால் தாங்க முடியாமல் போனது. மதியத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டுப் பஜாருக்கு நடந்தார்.

வழி நெடுக வசனம் தயார் செய்தார். கண்ணியமாக, அதே சமயம் தைக்கிற மாதிரி. 'மிஸ்டர், சங்கீதம் என்பது' என்று தொடங்குகிற வசனம். கடைக்குள் போய்க் கண்ணாடித் தடுப்பைத் தட்டினார். சுருட்டை முடி திரும்பவில்லை. மறுபடி தட்டினார். அந்த ஆள் மெல்ல, கழுத்தைத் திருப்பாமல் மொத்த உடம்பையும் நாற்காலியோடு திருப்பினான்.

ஐம்பது வயதிருக்கும். மூக்கு சிவந்திருந்தது. தொண்டையைச் சுற்றி மப்ளர்; மப்ளரைச் சுற்றித் தைல வாசனை. சுருட்டை முடிக்கு முன்பக்கம் வழுக்கை. ஹெட்போனின் ஒயர் கீழே தொங்கி, எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

"சொல்லுங்க சார்," என்றார் அந்த ஆள். நசீர் அகமது என்று பெயர். கடைக்குச் சொந்தக்காரர்.

பரந்தாமன் தயார் செய்த வசனத்தை விட்டுவிட்டு, "அந்த ஒயரு," என்றார்.

"இதுவா. ஃபேன் காத்து காதுல பட்டா எனக்கு ஜன்னி மாதிரி வந்துடுது. அதுக்காவ மாட்டிக்கினு கீறேன். ஃபேன் போடலன்னா மிஷின் சூடாயிடும். இன்னா பண்றது, ஒரே பேஜாரு."

"அப்ப பாட்டு?"

"பாட்டுக்கு முள்ளு கீதே." மெஷினில் ஆடிக்கொண்டிருந்த முள்ளைக் காட்டினார். தன் கழுத்தும் அதன்கூடவே லேசாக ஆடுவதை அவர் அறியவில்லை. நரம்புக் கோளாறு போலிருந்தது. "முள்ளு ஆடுச்சுன்னா ஏறுதுன்னு அர்த்தம். காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் கேட்டுக்கினு இருந்தா மண்ட இன்னாத்துக்கு ஆவும் சார்."

பரந்தாமன் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என் கேசட்டுல ஒவ்வொரு தபாவும் கடசீல நீங்க ஒரு பாட்டு போடறீங்களே. அது யாரு செலக்‌ஷன்?"

"அது மிச்ச டேப் சார். சும்மா வுட்டா, டேப் வெறுமனே ஓடுது, ஏமாத்திட்டேன்னு கஸ்டமருங்க சண்டைக்கு வர்றாங்க. அதனால கை நீட்டுவேன், கைல எது வருதோ அத மாட்டிட்டு டீக்குப் போயிடுவேன். பம்பாய்லேர்ந்து வந்தது, பெஜவாடாலேர்ந்து வந்தது, சர்ச்சுக்காரங்க குடுத்துட்டுத் திரும்ப வாங்காம போனது, எல்லாம் இந்த மூலைல ஒண்ணா கெடக்குது. ஒங்க பாஷைல சொன்னா டேபிள் ரன் சார். எங்க அத்தாவும் டேனரிலதான் இருந்தாரு."

"எதுவுமே பாக்காம?"

"பாக்காம."

ஒருவன்மேல் பொறாமைப்படலாம், அவன் முகத்தை, முடியை, வயதை வைத்து ராத்திரி பகல் அரைத்துக்கொண்டிருக்கலாம். டீக்குப் போய்விட்ட ஓர் ஆளின் மேல், ஒரு மூலையில் கிடக்கும் குப்பையின் மேல் எப்படிப் பொறாமைப்படுவது? பரந்தாமன் முயன்று பார்த்தார். முடிந்தது. முன்னைவிட நன்றாகவே முடிந்தது. தான் நினைத்த அந்த முப்பது வயதுக்காரனாக இருந்திருந்தால், எவனோ தன்னைவிட நன்றாகத் தேர்ந்தெடுத்து ஜெயித்தான் என்றாவது இருந்திருக்கும். இப்போது, யாருமே தேர்ந்தெடுக்காத ஒன்று தன் தேர்வை ஜெயித்திருக்கிறது.

"ஒங்க வூட்டம்மாவும் வந்து இதத்தான் கேட்டாங்க," என்று நசீர் அகமது தொடர்ந்தார். "நானும் இதத்தான் சொன்னேன். கேட்டுட்டு ஒரே சிரிப்பு. அப்பறம் ஒரு புதுக் கேசட்டு வாங்கிக் குடுத்து, பாய், இது பூரா மிச்ச டேப்பாவே ஏத்திக் குடுங்கன்னாங்க. நீங்க பாக்காதீங்க, பேரு கூட எழுதாதீங்கன்னாங்க. கடை வெச்சதுலேர்ந்து இப்பிடி ஒரு கஸ்டமரப் பாத்ததில்ல சார். தேடற வேலயே இல்லியே, ஒரே நாள்ல ஆயிடுச்சு. இந்தாங்க, நீங்களே குடுத்துடுங்க."

அட்டையில் ஓர் எழுத்து இல்லாத கேசட். பரந்தாமன் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியில் அது நெஞ்சில் இடித்துக்கொண்டே வந்தது.

வீடு பூட்டியிருந்தது. தன்னிடமிருந்த சாவியால் திறந்தார். மண்ணெண்ணெய் கியூவுக்குப் போயிருந்தாள், டின் இல்லை. கியூவுக்குப் போனால் அவ்வளவு சீக்கிரம் திரும்ப முடியாது. என்ன செய்ய வேண்டும் என்பது பரந்தாமனுக்குத் தெளிவாக இருந்தது. கேசட்டை உள்ளே போட்டு, அதிலேயே இருக்கும் ரேடியோவைத் திருப்பி, பதிவு செய்கிற சிவப்புப் பட்டனை அழுத்த வேண்டும். அந்த நேரத்தில் ரேடியோவில் நெற்பயிருக்கு வரும் குருத்துப் பூச்சியைப் பற்றி ஒருவர் பேசிக்கொண்டிருப்பார். அது ஏறிவிடும். கேட்டால், கடைக்காரர் கையில் அதுதான் கிடைத்திருக்கும் என்று சொல்லலாம். அதுவும் நியாயம்தான்; அவள் கேட்டதும் அதுதானே.

விரல் சிவப்புப் பட்டன் மேல் இருந்தது. ஒழிப்பதற்கு முன் எதை ஒழிக்கிறோம் என்று பார்ப்பது தொழில் வழக்கம். ரிஜெக்‌ஷன் தோலைக்கூட ஒரு தடவை விரிக்காமல் தூக்கிப் போட மாட்டார். பக்கத்துப் பட்டனை அழுத்தினார்.

முதல் பாட்டு ஏதோ கல்யாண பேண்டு வாத்தியம். க்ளாரினெட் சுருதியே சேரவில்லை. ஜவ்வு. இரண்டாவது, இந்தியில் ஒரு பெண். குரல் இனிமை, ஆனால் ஒரே இனிமை. மூன்றாம் நம்பர் போடலாம். போட்டார். மூன்றாவது பாட்டு பாட்டாகவே தொடங்கவில்லை. யாரோ இருமினார்கள். டீ கிளாஸ் வைக்கிற சத்தம். தபலாவில் ஒருவர் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். எந்த வீட்டுக் கூடத்திலோ எவரோ பிடித்த ரெக்கார்டிங். பிறகு ஓர் ஆண் குரல், அவசரமே இல்லாமல், வார்த்தையும் இல்லாமல், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது. இறங்கும் என்று பரந்தாமன் எதிர்பார்த்த இடத்தில் இறங்கவில்லை. ஏறும் என்று எதிர்பார்த்த இடத்தில், ஏறலாமா என்று கேட்பதுபோல் கொஞ்சம் நின்று, பிறகு பக்கவாட்டில் எங்கோ ஓர் இடத்துக்குப் போனது. அப்படி ஓர் இடம் இருப்பதே அவருக்குத் தெரியாது.

பரந்தாமனின் இடது கை, டேப் ரிக்கார்டர் வைத்திருந்த ஸ்டூலின் உறையைத் தடவிக்கொண்டிருந்தது. கீறலைத் தேடியது. மொழி தெரியவில்லை, ராகத்தின் பெயர் தெரியவில்லை, பாடியவர் பெயர் தெரியவில்லை. எழுதுவதற்கு எண்ணும் வரவில்லை. பாட்டு முடிந்ததும் திரும்ப ஓட்டிக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். அந்த மூன்றாவது தடவையில்தான் அவர் தலை தானாக அசைந்தது. அசைந்ததும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். முறம் சுவரில் சாய்ந்து நின்றது.

அவள் வந்து இதைக் கேட்பாள். இவர் இல்லாவிட்டாலும் கேட்பாள். இவர் சொல்லாவிட்டாலும் அந்த இடத்துக்கு அவளே வந்து சேர்வாள். 'இந்தப் பாட்ட கேளு' என்று அவளிடம் கொண்டுபோய்க் கொடுக்க, வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் கையில் நிஜமாகவே ஒரு பாட்டு இருந்தது. அது அவளுடைய கேசட்டில் இருந்தது. அதுவும் அவள் கேட்பதற்கு முன் திருட்டுத்தனமாகக் கேட்ட பாட்டு. ஒருவருடைய கடிதத்தைப் பிரித்துப் படித்துவிட்டு, அதில் உள்ள நல்ல சேதியை அவருக்கே சொல்ல முடியுமா?

அதை ஒழித்துவிட இப்போது மனம் வரவில்லை. கேசட்டை முதலுக்கு ஓட்டி, வெளியே எடுத்து, அட்டைக்குள் போட்டு, ஸ்டூலின் ஓரத்தில் யதார்த்தமாகக் கிடக்கிற மாதிரி வைத்தார். அது போதுமான அளவு யதார்த்தமாக இல்லை என்று பட்டதால் கொஞ்சம் கோணலாக்கினார்.

மனோரமா டின்னோடு வந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது.

"லீவா இன்னைக்கு?"

"தலவலி. வர்ற வழில பாய் கடைல இத குடுத்தாரு. ஒனக்காம்."

அவள் கேசட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகத்தில் பயமும் இல்லை, பிடிபட்ட களையும் இல்லை. இரண்டில் ஏதாவது ஒன்று இருந்திருந்தால் பரந்தாமனுக்குப் பேச ஒரு பிடி கிடைத்திருக்கும்.

"போட்டுப் பாத்தீங்களா?"

"எனக்கெதுக்கு அதெல்லாம்."

அவள் உள்ளே போய்ச் சோப்புப் போட்டு, மண்ணெண்ணெய் வாசனை போகக் கையைக் கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து கேசட்டை எடுத்தாள். எடுத்தவள் டேப் ரிக்கார்டர் பக்கம் போகாமல் வாசல் பக்கம் போனாள்.

"எங்க?"

"சவுரிக்கா வூட்டுக்கு. கம்பெனி ஷிப்ட் முடிஞ்சி வந்திருப்பாங்க. அவங்க கிட்ட சின்ன டேப்பு கீதில்ல."

"இங்க இவ்ளோ பெரிசு இருக்கச் சொல்ல, அந்த டப்பால போயா கேக்கணும்? சத்தம் ஒழுங்காவே வராது அதுல."

மனோரமா படியில் ஒரு கால் வைத்து நின்றாள். யோசித்துத்தான் சொன்னாள். கோபம் இல்லை, மழை வரும்போலிருக்கிறது, துணியை எடுத்துப் போடுங்கள் என்று சொல்கிற குரல்.

"இங்க போட்டா நீங்க நம்பர் போட்டுடுவீங்க."

மூணாவது பாட்டுக்குப் போட மாட்டேன் என்று பரந்தாமனின் வாய் வரை வந்தது. வாயை மூடிக்கொண்டார். அவள் போய்விட்டாள்.

வீம்புக்குத் தோடியை எடுத்துப் போட்டார். சத்தத்தை ஏற்றி வைத்தார். சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கட்டும் என்று. வித்வான் ராகத்தை விரித்துக்கொண்டே போனார். அதன் நடுவில் சுவர் வழியாகப் பேண்டு வாத்தியம் மெலிசாக வந்தது. சவுரியம்மாள் ஏதோ சொன்னாள். இரண்டு பெண்களும் சிரித்தார்கள். க்ளாரினெட்டைத்தான் சொல்லியிருப்பாள். தானும் அதற்குத்தான் முகம் சுளித்தோம் என்பது நினைவுக்கு வந்து பரந்தாமனுக்கு உதடு ஓரம் துடித்தது. பேண்டு நின்றது. இந்திக்காரி ஆரம்பித்தாள். பாத்திரம் உருளுகிற சத்தம், பேச்சு, மறுபடி சிரிப்பு. பாட்டைக் கேட்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இப்படியே பேசிக்கொண்டிருந்தால் அதையும் தவறவிட்டுவிடுவார்கள். கிளாஸ் வைக்கிற சத்தம், இருமல், தபலா தட்டுகிற சத்தம் எல்லாம் அவர்கள் பேச்சிலேயே கரைந்துவிடும்.

தோடி உச்சத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பரந்தாமன் சத்தத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். பிறகு வித்வான் ஒரு பெரிய சங்கதியின் பாதியில் இருக்கும்போதே பட்டனை அழுத்தி நிறுத்திவிட்டு, எழுந்து சுவரோரம் போனார்.

அந்தப் பக்கம் ஓர் இருமல். சவுரியம்மாள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். அந்தக் குரல் தன் ஒற்றைச் சுரத்தில் வந்து நின்றபோது, அவள் பேச்சு ஒரு வார்த்தையின் நடுவில் அப்படியே அறுந்தது. பாத்திரச் சத்தமும் இல்லை. தெருவில் போன சைக்கிள் மணி மட்டும் கேட்டது. பரந்தாமன் காதைச் சுவரில் வைத்து அழுத்தினார். சின்ன டேப்புதான், சத்தம் கம்மிதான். பாட்டு அந்தப் பக்கவாட்டு இடத்துக்குப் போய், அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து முடிந்தது. டொக்கென்று பட்டன் சத்தம். கீச்சு கீச்சென்று டேப் பின்னால் ஓடுகிற சத்தம். பிறகு மறுபடியும் அதே இருமல். அதன்மேல் மனோரமாவின் குரல், தாழ்வாக, சவுரியம்மாளிடம் எதையோ சொல்ல ஆரம்பித்தது. என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. பரந்தாமன் மூச்சை அடக்கிக்கொண்டு, இரண்டு கையையும் சுவரில் விரித்து, கன்னத்தை இன்னும் அழுத்தினார். பழைய சுண்ணாம்பு உதிர்ந்து அவர் காதோரத்தையும் தோள்பட்டையையும் வெள்ளையாக்கிக்கொண்டிருந்தது.